அப்பாவின் நான்காவது ரேசர்

நவம்பர் 9, ஞாயிறு

குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே அம்மா தூங்குகிறாள். யாராவது கதவைத் தட்டினால் வயிற்றுவலி என்று சொல்லிக்கொள்ளலாம். எழுதாமல் படுத்திருந்தால் நிஜமாகவே வயிறு வலித்துவிடும்போல இருந்தது.

துளசியத்தை இன்று ஒரு விஷயம் சொன்னார். அத்தை அப்பாவின் அக்கா. நாங்கள் இருக்கும் கணபதிப் பகுதியில், எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் ஷெட் இருக்கிறது. சோப்பு டப்பா, சீப்பு, பாட்டில் மூடி எல்லாம் அங்கே தயாராகும். அதற்கான மோல்டு அச்சுகளைச் செய்வது அப்பா. சீப்பில் பிசிறு வெட்டிக்கொண்டே அத்தை என் ஜடையைத் தூக்கிப் பார்த்து, எடைபோடுவதுபோல் ஆட்டினார். எனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா மலைக்கோயிலுக்கு மொட்டை வேண்டிக்கொண்டாளாம். இன்னும் செய்யவில்லையாம். இந்தக் கார்த்திகையில் முடித்துவிட வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

“யாருக்கு மொட்டைங்கத்தை?” என்று கேட்டேன்.

“இதென்ன கேள்வி? காய்ச்சல் வந்தது உனக்கு. வேற யாரு தலையக் குடுப்பா?”

என் வகுப்பில் மூன்று மௌனிகா இருக்கிறோம். ஒருத்தி கண்ணாடி மௌனிகா, ஒருத்தி குட்டை மௌனிகா. நான் ஜடை மௌனிகா. ஜடை போனால் என்ன பெயர் வைப்பார்கள் என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

அம்மாவிடம் கேட்கலாம்தான். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளே.

நவம்பர் 11, செவ்வாய்

ஒரு கஷ்டம் போதாது என்று இன்னொன்று வந்திருக்கிறது. அது ரேசர்.

மலைக்கோயிலில் முடி இறக்கும் கூடத்தின் கண்காணிப்பாளர் அத்தைக்குத் தெரிந்தவராம். அங்கே இப்போது ஒரே கத்தியில் ஆளுக்கு ஆள் பிளேடை மட்டும் மாற்றுகிறார்கள். அதற்குப் பதிலாக ஒரு தலைக்கு ஒரு ரேசர், வேலை முடிந்ததும் அப்படியே குப்பையில் போட்டுவிடுகிற மாதிரி ஒன்று இருந்தால் நல்லது, கொண்டுவந்து காட்டுங்கள், பார்க்கலாம் என்றாராம். அத்தை உடனே சரி என்றுவிட்டார். சீப்பு மெஷின் தீபாவளியிலிருந்து சும்மா நிற்கிறது.

அப்பா கடையில் விற்கும் தாடி ரேசர்களை வாங்கிவந்து சாப்பாட்டு மேஜையில் குறட்டால் பிரித்துப்போட்டார். அம்மா திட்டிக்கொண்டே தோசையைத் தரையில் வைத்துப் பரிமாறினாள். நான் பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் பார்க்க நன்றாக இருந்தது. தீப்பெட்டியின் உரசும் பட்டை அளவுக்கு ஒடுங்கிய இரண்டு பிளேடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. நடுவில் மயிரிழை போகிற இடைவெளி. கீழே கைப்பிடியோடு சேர்ந்த ஒரு மேடை. மேலே ஒரு மூடி. மூடியின் அடியில் சின்னச் சின்ன முளைகள். அவை பிளேடின் ஓட்டைகள் வழியாக இறங்கி மேடையில் உட்காரும். சூடுபடுத்தி நுனியை நசுக்கிவிட்டால் அப்புறம் பிரிக்கவே முடியாது. பிளேடுக்கு முன்னால் ஒரு வரப்பு இருக்கிறது. அது தோலை அழுத்தி இழுத்துப் பிடிக்கிறது. அந்த வரப்பும் மூடியும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்பதை வைத்துத்தான் பிளேடு தோலை வெட்டுமா, முடியை வெட்டுமா என்பது முடிவாகிறது என்றார் அப்பா.

எனக்குக் காது கூசியது.

நவம்பர் 13, வியாழன்

முதல் ரேசர் தயார். அப்பா தன் தலையிலேயே போட்டுப் பார்த்தார். கடை ரேசரைப் போலவே இரண்டு பிளேடு. நெற்றியிலிருந்து இரண்டு இழுப்புக்குள் பிளேடுகளுக்கு நடுவில் முடி நெல்லுக்கட்டு மாதிரி அடைத்துக்கொண்டு, ரேசர் தலையிலேயே மாட்டிக்கொண்டது. இழுத்தால் அப்பா கத்துகிறார், விட்டால் தொங்குகிறது. அம்மா கத்தரிக்கோலால் சுற்றிலும் வெட்டி ரேசரை மீட்டாள். மிச்ச முடியை அப்பா சலூனில் போய் எடுத்துவிட்டு வந்தார்.

அப்பாவின் தலை உள்ளே இவ்வளவு கோணலாக இருக்கும் என்று தெரியாது.

நவம்பர் 15, சனி

இரண்டாவது ரேசர். ஒரே பிளேடு. தலையைக் கொடுத்தவர் பிகாஷ் அண்ணன். ஒடிசாக்காரர், ஷெட்டில் மெஷின் ஓட்டுகிறார். இந்தத் தடவை முடி சிக்கவில்லை. ஏனென்றால் அங்கங்கே இரண்டு கொத்தைத் தவிர எதையும் வெட்டவே இல்லை. முன்னால் இருந்த வரப்பு நீள முடியை அப்படியே படுக்கவைத்துவிட்டது, பிளேடு அதன்மேல் வழுக்கிக்கொண்டு போனது. தாடி குச்சியாக நிற்கும், தலைமுடி நிற்காதே என்று அப்பா தன் மொட்டையில் அடித்துக்கொண்டார். வரப்பைச் சீப்புப் பல்லாக மாற்ற வேண்டும். சீப்பு செய்கிற ஷெட்டில் இது தோன்ற இவ்வளவு நாளா என்று அத்தை கேட்டார்.

பிகாஷ் அண்ணனும் சலூனுக்குப் போனார். “உங்க அப்பா ரேசர் நல்லா இருக்கு. சலூன்காரருக்கு நல்லா இருக்கு” என்றார்.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை பிறந்துவிட்டது. ஷெட்டில் மிச்சமிருந்த ஆண்கள் எல்லாரும் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார்கள். மாலை போட்டவர்கள் தலையில் கத்தி படக்கூடாது. அப்பா ஒவ்வொரு கறுப்பு வேட்டியாகப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“தலைக்குப் பஞ்சம் வந்துருச்சு” என்றார் அத்தை. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

நவம்பர் 20, வியாழன்

அம்மாவின் நடவடிக்கை சரியில்லை.

ஒன்று, அப்பா கொண்டுவந்த ரேசரை வாங்கித் தன் முழங்கையில் மெதுவாக இழுத்துப் பார்த்தாள். எரிச்சல் இல்லை என்று திருப்திப்பட்டுக்கொண்டாள். தன் கையில் பார்த்துவிட்டுப் பிள்ளை தலையில் போடுவாள், அவள் சுபாவம் அப்படி. மருந்தையும் முதலில் அவள் நக்கிப் பார்த்துவிட்டுத்தான் எனக்குக் கொடுப்பாள்.

இன்னொன்று, பருத்தியில் ஒரு ஸ்கார்ஃப் வாங்கிவந்து பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறாள். மெரூன் நிறம். எனக்கு மெரூன் பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும்.

அப்புறம் பூ. தினமும் ஒரு முழம் வாங்கி இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வோம். இந்த வாரம் முழுவதையும் எனக்கே வைக்கிறாள். அவளுக்கு ஏன் இல்லை என்று கேட்டால், பூ இல்லாமல் பழகிக்கொள்கிறேன் என்கிறாள். வெட்டப்போகிற ஆட்டுக்கு மாலை போடுவது எனக்குத் தெரியாதா?

நேற்று கண்ணாடி முன்னால் வெகுநேரம் தன் முடியைப் பிரித்துப்போட்டு நின்றாள். என்னிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்திருப்பாள்.

நவம்பர் 23, ஞாயிறு

மூன்றாவது ரேசர். முன்னால் பற்கள். அப்பா தன் தலையில் போட்டுப் பார்த்தார். வழவழவென்று போனது. ஜெயித்துவிட்டோம் என்று எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். நான் சாப்பிடவில்லை. (அப்புறம் சாப்பிட்டேன்.)

சாயங்காலம் கண்காணிப்பாளர் அனுப்பியதாக ஒருவர் ஷெட்டுக்கு வந்தார். பெயர் செல்லக்கிளி. மலைக்கோயிலில் பெண்களுக்கு முடி இறக்குகிறவர். அப்பாவின் தலையைச் சுற்றிவந்து பார்த்தார். தடவிப் பார்த்தார்.

“ஏனுங்க, இது பத்து நாள் மொட்டைதானுங்க? மொட்டைக்கு மொட்டை போடற ரேசரா செஞ்சு வச்சிருக்கறீங்க?”

நிஜத் தலைமுடியில் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. பக்கத்து டீக்கடை மாமா கழுத்துவரை முடி வளர்த்திருப்பவர், வம்புக்கென்று வந்து உட்கார்ந்தார். இரண்டு இழுப்புக்கு ஒருதரம் ரேசர் அடைத்துக்கொண்டு முடியைப் பிடுங்கியது, மாமா துள்ளினார். முடி முன்னால் ஒழுங்காக நுழைகிறது, பிளேடுக்குப் பின்னால் போக வழியில்லை. மேடையின் பின்பக்கம் அப்பா சுவர் மாதிரி மூடிவைத்திருக்கிறார். வெட்டிய முடி அங்கே பந்தாகச் சுருண்டுகொள்கிறது. செல்லக்கிளியக்கா தட்டித் தட்டிக் களைத்துப்போய்ப் பாதியில் நிறுத்தினார். அந்த நேரம் பார்த்துக் கடைக்கு ஆள் வந்துவிட்டதால் டீக்கடை மாமா பாதி மொட்டையோடு போய் டீ ஆற்றினார். இன்று அவருக்கு நல்ல வியாபாரம்.

நான்தான் ரொம்பச் சிரித்தேன். ரேசர் தோற்றால் கோயிலுக்குப் போவது தள்ளிப்போகும் அல்லவா.

நவம்பர் 28, வெள்ளி

பயத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. தலைக்குப் பதில் தேங்காய்.

அம்மா தலைவாரும்போது உதிர்கிற முடியைச் சுருட்டி ஒரு பையில் சேர்த்துவைப்பாள். சவுரிக்கு முடி வாங்குகிறவர் வந்தால் கொடுத்துவிட்டுப் பாத்திரம் வாங்குவாள். ஒரு இட்லிப் பானைக்காக இரண்டு வருடமாகச் சேர்க்கிறாள். அதைக் கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல் கொடுத்துவிட்டாள்.

“எடுத்துக்கோ கண்ணு. இனி சேத்தி வச்சு என்ன பண்ண?”

இட்லிப் பானை ஆசையே விட்டுப்போய்விட்டதா என்று பாவமாக இருந்தது.

மொட்டைத் தேங்காயில் பசை தடவி முடியைக் கொத்துக் கொத்தாக ஒட்டிக் காயவைத்தேன். அப்பா பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் எடுத்துக்கொண்டு போனார். நான்காவது ரேசரை அதில்தான் பார்த்தார்கள். பின்பக்கச் சுவரை எடுத்துவிட்டு ஜன்னல் மாதிரி திறந்துவிட்டிருக்கிறார். முதலில் பிளேடை இரண்டு ஓரத்தில் மட்டும் பிடித்ததால் நடுவில் அது வீணைக் கம்பி மாதிரி அதிர்ந்தது, தேங்காய் ஓட்டில் கீறல் விழுந்தது. அந்தக் கீறலைப் பார்த்து நான் வெளியே ஓடிவிட்டேன். அப்பா மோல்டைத் திருத்தி நடுவில் ஒரு முளை கூட்டினார். அதற்குப் பிறகு முடி முன்னால் நுழைந்து பின்னால் வழிந்து விழுந்தது. தண்ணீரில் ஒரு அலசு, அவ்வளவுதான். தேங்காய் பளபளவென்று ஆகிவிட்டது.

“போதுமுங்களாப்பா?” என்றேன்.

“தேங்காய்க்கு வலிக்குமா அம்மிணி? நெஜத் தலை வேணும்.”

டிசம்பர் 3, புதன்

ஞாயிற்றுக்கிழமை மலைக்கோயில். கண்காணிப்பாளர் முன்னால், கூடத்திலேயே, ஒரு தலை. நீள முடியாக இருக்க வேண்டுமாம், நீள முடி இறங்கினால் எதுவும் இறங்கும் என்றாராம். அப்பாவும் அம்மாவும் சமையலறையில் மெல்லப் பேசிக்கொண்டார்கள். நான் உள்ளே போனதும் நிறுத்தினார்கள்.

எண்ணெய் தேய்த்துக் குளித்துவிடு, எல்லாரும் போகிறோம் என்றாள் அம்மா.

பூமுடி கொடுத்தால் போதாதா என்று கேட்டேன். மூன்று விரல் அளவு வெட்டிக் கொடுப்பது. எத்தனையோ பேர் அப்படித்தான் செய்கிறார்கள். உயிருக்கு வேண்டிக்கொண்டதில் கஞ்சத்தனம் கூடாது என்றாள் அம்மா. அவள் குரல் ஒருமாதிரி ஆனது. நான் அதற்குமேல் கேட்கவில்லை.

டிசம்பர் 6, சனி

அப்பா நான்காவது ரேசர்களில் இரண்டை உறை மாட்டி ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கூடத்து மேஜையில் வைத்திருக்கிறார். மூன்றாவது ரேசர்கள் பரண்மேல் ஒரு பையில் கிடக்கின்றன. சாயம் சேர்க்காத ஒரே வெள்ளை. முன்னால் இருந்து பார்த்தால் எது எது என்றே தெரியாது.

என் காம்பஸ் பெட்டி இன்று சரியாக மூடவில்லை. காம்பஸையும் கோணமானியையும் எடுத்துப் பென்சில் பையில் போட்டுக்கொண்டேன். அரையாண்டுத் தேர்வு வருகிறது, பஸ்ஸில் படிக்க வேண்டும் என்று சொல்லிப் பள்ளிக்கூடப் பையை நாளைக்கு எடுத்துப்போகிறேன். அம்மா சந்தோஷப்பட்டாள்.

வேறு ஒன்றும் விசேஷமில்லை. எழுத்துதான் இன்று எறும்பு மாதிரி ஓடுகிறது.

டிசம்பர் 7, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

நேற்று நான் ரேசர்களை மாற்றிவைத்தேன். அட்டைப்பெட்டியில் அடைத்துக்கொள்கிற மூன்றாவது ரேசர். என் காம்பஸ் பெட்டியில் நல்ல நான்காவது ரேசர். தூக்கி எறிய மனம் வரவில்லை, அப்பா செய்தது. ரேசர் சொதப்பினால் இரண்டு இழுப்போடு நிறுத்திவிடுவார்கள், கண்காணிப்பாளர் போகச் சொல்லிவிடுவார், என் முடி முக்கால்வாசி தப்பித்துவிடும் என்று கணக்குப்போட்டேன். கூடத்தில் எத்தனையோ கத்தி இருக்கும் என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

கூடத்தில் ஈரமும் சந்தன வாசமுமாக இருந்தது. அப்பாவின் மொட்டையைப் பார்த்து வரிசையில் நின்ற ஒருவர், முடிச்சாச்சுங்களா, நல்லா எடுத்திருக்காங்க என்று பாராட்டினார். கண்காணிப்பாளர் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். செல்லக்கிளியக்கா ஒரு பலகையை இழுத்துப்போட்டு, தண்ணீர் மக்கை வைத்தார். யார் உட்காருகிறீர்கள் என்று கேட்டார்.

அத்தை என் தோளில் கைவைத்து முன்னால் தள்ளினார்.

அம்மா என்னைத் தாண்டிப் போய்ப் பலகையில் உட்கார்ந்தாள்.

கொண்டையை அவிழ்த்தாள். முடி தரையில் விழுந்து பரவியது. என் ஜடையைப் பற்றி ஊரே பேசுகிறது, அம்மாவுக்கு அதைவிட நீளம் என்பதை நான் இன்றுதான் கவனித்தேன். பெரும்பாலும் கொண்டையாகத்தான் இருக்கும்.

“சாந்தாமணி, நீயா?” என்றார் அத்தை. “புள்ளைக்குன்னல்ல நெனச்சேன்.”

“என்ற வேண்டுதல், என்ற முடிங்க அண்ணி. அவ முடிய நான் எப்படி வேண்டிக்குவேன்?”

செல்லக்கிளியக்கா தலையில் தண்ணீரை ஊற்றித் தேய்த்தார். அட்டைப்பெட்டியைத் திறந்து ஒரு ரேசரை எடுத்து உறையைக் கழற்றினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கையைக் கூப்பியிருந்தாள். ரேசர் நெற்றிக்கு வந்துவிட்டது. டீக்கடை மாமா துள்ளியது நினைவுக்கு வந்தது. இழுபட்டு இழுபட்டு, பாதியில் நின்று, இத்தனை பேர் முன்னால்.

“வேண்டாமுங்க” என்றேன். சத்தம் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “அது மூணாவதுங்க. வேண்டாம்.”

பையைத் தரையில் கவிழ்த்தேன். புத்தகமெல்லாம் ஈரத்தில் விழுந்தது. காம்பஸ் பெட்டியை எடுத்து அப்பாவிடம் நீட்டினேன். அப்பா திறந்து பார்த்தார். செல்லக்கிளியக்கா கையிலிருந்த ரேசரை வாங்கிப் பின்பக்கம் திருப்பினார். சுவர் இருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து நான் கீழே தண்ணீரில் மிதந்த கணக்கு நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏதாவது பிரச்சனையா என்று கண்காணிப்பாளர் கேட்டார்.

“ஒண்ணுமில்லீங்க சார்” என்றார் செல்லக்கிளியக்கா. “நல்ல ரேசரப் புள்ள பத்திரமா வச்சிருக்குது. பெரியவங்கதான் வேற பெட்டியத் தூக்கீட்டு வந்துட்டாங்க.”

அம்மா ஈரத்தலையோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“உன்ற தலைன்னு நெனச்சுட்டயா கண்ணு?”

தலையாட்டினேன்.

“எப்ப இருந்து?”

“கார்த்திகைக்கு முன்னாடியிருந்தே.”

“என்னைய ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?” என்றாள். அப்புறம் அவளே, “நானும் சொல்லியிருக்கோணும். சொன்னா நீ அழுது என்ற மனசக் கலைச்சிருவீன்னுதான் சொல்லல” என்றாள். கன்னத்தில் வழிந்தது தலையில் ஊற்றிய தண்ணீரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் சிரித்தாள். “வந்து முன்னால உக்காரு. வலிச்சா உன்ற கையக் கிள்ளுவேன்.”

உட்கார்ந்து கையைக் கொடுத்தேன். நான்காவது ரேசர் நெற்றியிலிருந்து உச்சிவரை ஒரே ஓட்டமாகப் போனது. முடி பின்பக்க ஜன்னல் வழியாக வழிந்து அம்மாவின் மடியில் விழுந்தது. மக்கில் ஓர் அலசு, அடுத்த இழுப்பு. செல்லக்கிளியக்கா ஒருதரம்கூடத் தட்டவில்லை. காதுக்குப் பின்னால் மட்டும் சின்னதாக ஒரு கீறல், சந்தனம் வைத்ததும் நின்றுவிட்டது. அம்மா அப்போது கிள்ளிய இடம் இன்னும் சிவந்திருக்கிறது.

கண்காணிப்பாளர் அந்த ரேசரைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். கைப்பிடியைக் கொஞ்சம் நீட்ட முடியுமா, பிடரிக்கு வசதியாக இருக்கும் என்றார். ஒரு வாரத்துக்கு வேண்டியதை முதலில் அனுப்புங்கள் என்றார். அப்பா சரிங்க, சரிங்க என்று மொட்டையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டு வரப்போகிறது என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பாதி வழியில் இரண்டு ரேசர்களை எடுத்து அருகருகே பிடித்துப் பார்த்தார். அப்புறம் சொன்னார்:

“முன்னால இருந்து பாத்தா மூணாவதுக்கும் நாலாவதுக்கும் வித்தியாசம் தெரியல. செஞ்ச எனக்கே தெரியல. அது தப்பு. நாலாவதுக்கு ஒரு கலர் குடுத்தரோணும்.” கொஞ்சம் பொறுத்து, “என்ன கலர்னு நீ சொல்லு அம்மிணி” என்றார்.

மெரூன் மட்டும் வேண்டாம் என்றேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

பச்சை. மோல்டிலிருந்து சூடாக விழும்போது மாங்காய்ப் பிஞ்சு மாதிரி இருக்கிறது. சீப்பு மெஷினின் சத்தம் எங்கள் வீடுவரை கேட்கிறது.

கணக்கு நோட்டைக் காயவைத்தேன். இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டது, நல்லவேளை, அது தப்பாகப் போட்ட கணக்கு.

டிசம்பர் 12, வெள்ளி

நாளைக்குப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். அம்மா வருகிறாள். மெரூன் ஸ்கார்ஃபை எடுத்து இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். நான் அதை மடித்துத் திரும்பவும் பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். கட்டிக்கொள்ளாமலே வாருங்கள் என்றேன். குட்டை மௌனிகாவும் கண்ணாடி மௌனிகாவும் தடவிப் பார்க்க வேண்டுமாம், வாக்குக் கொடுத்துவிட்டேன். ஐந்து நாளில் முளைத்திருக்கிறது, வெல்வெட்டை எதிர்ப்பக்கமாகத் தடவுவதுபோல இருக்கும்.

இப்போது அப்பா, அம்மா, பிகாஷ் அண்ணன், டீக்கடை மாமா எல்லாரும் மொட்டை. இந்த வட்டாரத்திலேயே முடி வைத்திருப்பது நானும் அத்தையும் மாலை போட்டவர்களும்தான். பூக்காரம்மா வழக்கம்போல ஒரு முழம் கொடுத்துவிட்டுப் போகிறார். முழுவதும் எனக்கு. இப்போது ஆட்டு ஞாபகம் வருவதில்லை.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அம்மாதான்.

“வயித்துவலி நின்னுச்சா, இன்னும் எழுதோணுமா?”

வாளிக்கு அடியில் நோட்டை ஒளிக்கப் போனேன். அவளுக்குத் தெரியும்போல. கதவுக்கு அந்தப் பக்கம் சீப்பைத் தட்டுகிற சத்தம் கேட்கிறது.

“முடிச்சுட்டு வா கண்ணு. காலையில நேரமிருக்காது, இப்பவே ரெட்டை ஜடை பின்னி விட்டர்றேன். எனக்கும் கை சும்மாதான இருக்குது.”